பழியை மழை மேல் போடு!

ஆம்பூரில் ஒரு ஷூ கம்பெனி. பெயர் வேண்டாம். பி.காம். முடித்த கையோடு அங்கே அக்கவுண்ட்ஸில் சேர்ந்தேன். வவுச்சர் எழுதுவது, மேனேஜருக்கு டீ வந்துவிட்டதா என்று எட்டிப் பார்ப்பது, அப்புறம் எனக்குக் கொஞ்சம் இங்கிலீஷ் வரும் என்று எவனோ கிளப்பிவிட்ட வதந்தியின் பேரில் வெளிநாட்டுப் பார்ட்டிகளுக்கு லெட்டர் டைப் அடிப்பது. இதுதான் வேலை.

ஒருநாள் ஜெர்மனியிலிருந்து போட்டோவோடு ஒரு லெட்டர் வந்தது. நாங்கள் அனுப்பிய சரக்கில் ஒரு லாட் மொத்தமும் சோல் விட்டுப் போயிருந்தது. போட்டோவில் வரிசையாக வைத்திருந்த ஷூக்கள் எல்லாம் கொட்டாவி விடுகிற மாதிரி முன்பக்கம் வாயைப் பிளந்துகொண்டு நின்றன. மேனேஜர் அரைமணி நேரம் கூரையைப் பார்த்தார். பிறகு என்னைக் கூப்பிட்டார்.

"சரக்கு எந்த மாசம் ஒட்டினது?"

"நவம்பர் சார்."

"அவ்வளவுதான்! எதிர்பாராத மழை, காத்துல ஈரம் ஜாஸ்தி, அதனால பேஸ்டிங் நிக்கலைன்னு எழுது. இயற்கை சார்! நாம என்ன பண்ண முடியும்?"

நவம்பரில் நம் பக்கத்தில் மழை பெய்வதை எதிர்பாராத ஒரே மனிதர் அவர்தான். நானும் அடித்துக் கொடுத்தேன். சாயந்திரம் கேண்டீனில் பேஸ்டிங் மேஸ்திரி பாயிடம் இதைச் சொன்னேன். முப்பது வருஷம் அந்த ஒரே செக்‌ஷனில் நின்றவர். பிரஷ் பிடிக்கிற விதத்தை வைத்தே எந்தப் பெண் எந்த ஊரிலிருந்து வருகிறாள் என்று சொல்லிவிடுவார். டீயை ஆற்றிக்கொண்டே கேட்டார்:

"மழை என்ன தம்பி, லாட் நம்பர் பார்த்தா பெய்யுது? அந்த வாரம் பதினோரு லாட் போச்சு. பத்து நல்லாத்தானே இருக்கு?"

எனக்கு பதில் தெரியவில்லை. லெட்டர் ஏற்கெனவே போய்விட்டது.

அந்தக் கேள்வி பல வருஷம் கழித்து, ஒரு பழைய விமானத்தின் கதையைப் படித்தபோது மறுபடி காதில் விழுந்தது. அங்கேயும் ஒட்டு விட்டது. அங்கேயும் பழி மழை மேல். வித்தியாசம் என்னவென்றால், எங்கள் ஜெர்மன்காரருக்கு நஷ்டம் ஒரு லாட் ஷூ. அங்கே ஒவ்வொரு தடவை ஒட்டு விட்டபோதும் இரண்டு இளைஞர்கள் செத்தார்கள்.

*

ஆம்பூர் ஸ்டேஷன் பிளாட்பாரத்தில் நின்றுகொள்ளுங்கள். (பிரியாணி பொட்டலம் கையில் இருந்தால் உத்தமம்.) கிழக்கே போகிற தண்டவாளம் காட்பாடி வழியாக அரக்கோணம். மேற்கே போவது ஜோலார்பேட்டை, பங்காருப்பேட்டை தாண்டி பெங்களூர். இரண்டாம் உலகப் போரின்போது இந்தப் பாதையின் இரண்டு பக்கமும் பிரிட்டிஷ் விமானப் படைத் தளங்கள் இருந்தன. கிழக்கே அரக்கோணம். 1992-ல் கடற்படையின் 'ராஜாளி' தளமாகப் பிறந்தது அதே இடத்தில்தான். மேற்கே பங்காருப்பேட்டைக்குப் பக்கத்தில் கோலார், பெங்களூரைத் தாண்டினால் எலகங்கா. வேலூர், ஆம்பூர், வாணியம்பாடி எல்லாம் நடுவில்.

ஏன் இத்தனை தளங்கள்? ஜப்பான்காரன்தான். 1942 ஏப்ரல் 5-ம் தேதி, ஈஸ்டர் ஞாயிறன்று கொழும்பில் குண்டு போட்டான். மறுநாள் விசாகப்பட்டினம், காக்கிநாடா. அடுத்தது மதராஸ்தான் என்று ஜனங்கள் சட்டி பானையைக் கட்டிக்கொண்டு உள்ளூர்களுக்கு ஓடினார்கள். அதன்பிறகு சோழவரம், உளுந்தூர்பேட்டை, சூலூர் என்று தென்னாட்டில் பல இடங்களில் ஓடுபாதைகள் முளைத்தன. சோழவரத்து ஓடுபாதையில் பின்னாளில் கார் ரேஸ், பைக் ரேஸ் விட்டார்கள். உங்கள் அப்பாவைக் கேட்டுப் பாருங்கள், கண்ணில் ஒரு மின்னல் தெரியும்.

சண்டை நடந்தது பர்மாவில். தென்னாட்டுத் தளங்களில் நிறைய நடந்தது பயிற்சி. அதில் எலகங்காவும் கோலாரும் முக்கியமானவை. கோலாரில் 'லிபரேட்டர்' என்கிற நான்கு என்ஜின் குண்டுவீச்சு விமானத்துக்குப் பழக்கினார்கள். எலகங்காவில் 1672-ம் நம்பர் கன்வர்ஷன் யூனிட். அங்கே பழக்கிய விமானத்தின் பெயர் 'மாஸ்கிட்டோ'.

ஆமாம், கொசு! வேலூர் வாசகர்கள் சிரிக்க வேண்டாம். உங்கள் ஊர்க் கொசுவுக்கு ஒரு என்ஜின்தான். இதற்கு ரோல்ஸ்ராய்ஸ் 'மெர்லின்' என்ஜின் இரண்டு.

*

இந்தக் கொசுவின் விசேஷம், அது மரத்தால் செய்தது. உலோகத்துக்குத் தட்டுப்பாடு இருந்த காலத்தில், இங்கிலாந்தின் டி ஹாவிலண்ட் கம்பெனி, 'மரத்திலேயே செய்கிறோம், பாருங்கள்' என்றது. ஆரம்பத்தில் பலர் நம்பவில்லை. 1940 நவம்பர் 25-ம் தேதி முதல் விமானம் பறந்தது. வேகத்தைப் பார்த்தவர்கள் வாயை மூடிக்கொண்டார்கள். மொத்தம் 7,700-க்கு மேல் செய்தார்கள். மேஜை நாற்காலி செய்கிற கம்பெனிகள், பியானோ செய்கிற கம்பெனிகள் எல்லாம் இறக்கையும் வாலும் செய்து கொடுத்தன.

எப்படிச் செய்வார்கள்? நடுவில் தக்கை மாதிரி லேசான பால்சா மரம். மேலும் கீழும் பிர்ச் மரப் பிளைவுட். சாண்ட்விச் மாதிரி வைத்து, பசை போட்டு அழுத்துவது. இறக்கை இந்த முனையிலிருந்து அந்த முனைவரை ஒரே துண்டு. உள்ளே விட்டம் மாதிரி இரண்டு நீள மரச் சட்டங்கள் ஓடும். அதன்மேல் பிளைவுட் தோலை ஒட்டி, திருகும் போடுவார்கள். 'தோல்' என்றுதான் அவர்கள் பாஷையிலும் சொல்கிறார்கள். நம் ஊர்க்காரர்களுக்கு இதற்கு மேல் விளக்கம் தேவையில்லை. அப்பரும் சோலும்!

ஆக, விமானத்தின் உயிர் பசையில். ஆரம்பத்தில் போட்டது கேசின் பசை. பாலைத் திரித்து எடுக்கிற புரதத்தில் செய்தது. நம்மூர்த் தச்சர்கள் ஒரு காலத்தில் வச்சிரம் காய்ச்சி ஒட்டினார்களே, தோல் ஷாப்பில் வழித்துப் போடுகிற சவ்வையும் துண்டு துணுக்கையும் கொதிக்க வைத்து எடுக்கிற சமாசாரம், அது மாட்டின் தோலிலிருந்து. இது மாட்டின் பாலிலிருந்து. இரண்டுக்கும் ஈரம் ஆகாது. பால் பசையில் பூஞ்சை வேறு பிடிக்கும். அதனால் பிறகு ஃபார்மால்டிஹைடு பசைக்கு மாறினார்கள்.

மரத்தை வெயிலில் போட்டால் சுருங்கும், மழையில் போட்டால் ஊதும். மழைக்காலத்தில் கதவு சாத்த மாட்டேன் என்கிறதே, அதே கதைதான். இது வெள்ளைக்காரனுக்கும் தெரிந்திருந்தது. அதனால்தான் 1943-ல் முதலில் சில மாஸ்கிட்டோக்களை மட்டும் இந்தியாவுக்கு அனுப்பி, நம் சீதோஷ்ணம் என்ன செய்கிறது என்று சோதித்தார்கள். பாதகமில்லை என்று தோன்றியது. 1944-ல் ஒவ்வொரு ஸ்குவாட்ரனாக மாஸ்கிட்டோவுக்கு மாற்ற ஆரம்பித்தார்கள். 45-ம் ஸ்குவாட்ரன் பிப்ரவரியில் எலகங்காவுக்கு வந்தது. 82-ம் ஸ்குவாட்ரன் ஜூலையில் கோலாரில் மாறியது.

*

இந்த மாறுதல் சின்ன விஷயம் இல்லை. அதுவரை அந்தப் பையன்கள் ஓட்டியது 'வெஞ்சன்ஸ்' என்கிற ஒற்றை என்ஜின் விமானம். கனம், மந்தம். ஆனால் சாது. மாஸ்கிட்டோ அப்படி இல்லை. த்ராட்டிலை ஏற்றும்போதே ஒரு பக்கமாக இழுக்கும். கிளம்பிய சில விநாடிகளுக்குள் ஒரு என்ஜின் நின்றுவிட்டால், போதுமான வேகம் இல்லாமல் அப்படியே குப்புறக் கவிழும். எலகங்கா கடல் மட்டத்திலிருந்து சுமார் 3,000 அடி. மத்தியான வெயிலில் காற்று லேசாகிவிடும். என்ஜினுக்கும் மூச்சு வாங்கும், இறக்கைக்கும் பிடிமானம் குறையும். டி.வி.எஸ். ஃபிஃப்டி ஓட்டியவனைத் திடீரென்று என்ஃபீல்டில் உட்காரவைத்து, 'ஏலகிரி மலை ஏறு, ராத்திரியிலும் ஏறிப் பழகு' என்றால் எப்படி? அப்படி.

போர் என்றால் எதிரி சுட்டுச் சாவது என்றுதான் சினிமா நமக்குச் சொல்லியிருக்கிறது. கணக்கு வேறு. பிரிட்டனின் பாம்பர் கமாண்டில் அந்தப் போரில் செத்தவர்கள் 55,573 பேர். அதில் ஏறக்குறைய 8,000 பேர் எதிரியின் முகத்தையே பார்க்காமல் பயிற்சியிலும் விபத்திலும் போனவர்கள். ஏழு பேரில் ஒருவர். அமெரிக்காவில், சொந்த நாட்டு எல்லைக்குள்ளேயே விமானப் படை விபத்துகளில் செத்தவர்கள் சுமார் 15,000 பேர். அவசர அவசரமாக ஆள் எடுத்து, ஓடி ஓய்ந்த விமானங்களில் ஏற்றி, மாதக் கணக்கில் முடிக்கவேண்டிய பாடத்தை வாரக் கணக்கில் முடித்தால் இதுதான் பாலன்ஸ் ஷீட்.

விழுந்தால் தப்பிக்க முடியுமா? 2025 நவம்பரில் திருப்போரூர் பக்கத்தில் நம் விமானப் படையின் பயிற்சி விமானம் ஒன்று விழுந்ததே, அதில் விமானி சீட்டோடு வெளியே எகிறி, பாராசூட்டில் இறங்கிப் பிழைத்தார். மாஸ்கிட்டோவில் எகிறும் சீட்டு கிடையாது. விமானியும் நேவிகேட்டரும் தோளோடு தோள் இடித்துக்கொண்டு உட்காருகிற இடம். பக்கவாட்டில் ஒரு குட்டிக் கதவு. இறக்கை போய்ச் சுழல ஆரம்பித்த விமானத்தில் அந்தக் கதவைத் தேடி, திறந்து, ஒருத்தர்பின் ஒருத்தராக... வேண்டாம், விடுங்கள்.

இப்போது 1944 அக்டோபர். மழை முடிகிற சமயம். 82-ம் ஸ்குவாட்ரன் கோலாரை விட்டு ராஞ்சிக்குப் போயிருந்தது. அங்கே குண்டு வீசப் பழகிக்கொண்டிருந்தார்கள். நிஜ எதிரி இல்லை, தரையில் ஒரு குறி, அவ்வளவுதான். மேலிருந்து சரிந்து பாய வேண்டும், குண்டைப் போட வேண்டும், மூக்கைத் தூக்கி மேலே வர வேண்டும். அந்த மூக்கைத் தூக்குகிற சில விநாடிகள்தான் இறக்கைக்குப் பரீட்சை. மொத்த பாரத்தையும் இறக்கை தாங்கும். முனைகள் மேலே வளையும். வளையும்போது இறக்கையின் மேல்பக்கத் தோல் நசுங்கும். தோல் சட்டத்தோடு ஒட்டி இருக்கிறவரை தாங்கும். ஒரு கையளவு இடத்தில் ஒட்டு விட்டிருந்தால் போதும். அங்கே புடைக்கும், கிழியும், இறக்கை முறியும்.

முறிந்தது. ஒன்றல்ல, அக்டோபரிலும் நவம்பர் ஆரம்பத்திலும் ஒன்றன்பின் ஒன்றாக. குண்டு இல்லை, எதிரி இல்லை, தெளிவான வானம், பழகிய பாதை. நவம்பரில் இந்தியாவிலும் பர்மா முனையிலும் இருந்த மாஸ்கிட்டோ சண்டை விமானங்களைத் தரையில் நிறுத்திவைத்தார்கள். அக்டோபரில்தான் எலகங்காவில் மாஸ்கிட்டோ வாங்கிய 47-ம் ஸ்குவாட்ரன், அதைத் திருப்பிக் கொடுத்துவிட்டுப் பழைய 'பியூஃபைட்டரு'க்கே போனது. புதுமாப்பிள்ளை மோதிரத்தைக் கழற்றிக் கொடுத்த மாதிரி.

*

விசாரணைக்கு இங்கிலாந்திலிருந்து ஒரு குழு வந்தது. தலைவர் மேஜர் ஹெரவர்ட் டி ஹாவிலண்ட்.

பெயரைக் கவனித்தீர்களா? விமானம் செய்த கம்பெனியின் பெயரும் டி ஹாவிலண்ட். அதை ஆரம்பித்தவர் ஜெஃப்ரி டி ஹாவிலண்ட். ஹெரவர்ட் அவருடைய கூடப்பிறந்த தம்பி!

பி.காம். மூன்றாம் வருஷ ஆடிட்டிங் பேப்பரில் நான் எடுத்தது 41 மார்க். எனக்கே தெரியும், சொந்தக்காரன் டைரக்டராக இருக்கிற கம்பெனிக்கு ஆடிட்டராகப் போகக்கூடாது. இன்றைக்கு நம் கம்பெனிச் சட்டமே அதைத் தடுக்கிறது. 1944-ல் செத்துப்போன பையன்களுக்கு அந்தச் சலுகை கிடைக்கவில்லை.

டிசம்பர் ஆரம்பத்தில் ரிப்போர்ட் வந்தது. பசை கெட்டதால் விபத்து இல்லை, மழைக்காலத்தில் மரம் சுருங்கியதுதான் காரணம் என்றார். அதாவது பசை நிரபராதி, ஒட்டியவர்களும் நிரபராதி, குற்றவாளி இந்திய மழை.

அவர் சொன்னது முழுப் பொய் என்று நான் சொல்ல மாட்டேன். நம் வெயிலும் மழையும் மரத்தைப் பாடாய்ப் படுத்தும், அது நிஜம். மேல்தோலின் இணைப்பில் தண்ணீர் இறங்குகிறது என்பதற்காக, இறக்கை நீளத்துக்கும் ஒரு பிளைவுட் பட்டை வைத்து அடைத்தார்கள். அதுவும் நல்ல காரியம்தான். ஆனால் மேஸ்திரி பாயின் கேள்வி அப்படியே நிற்கிறதே! மழை எல்லா இறக்கைக்கும்தானே பெய்தது?

அதே கேள்வியை இங்கிலாந்தில் வேறு சிலர் கேட்டார்கள். விமான உற்பத்தி அமைச்சகத்தின் ஆட்கள், இந்தியப் பக்கமே வராத மாஸ்கிட்டோக்களை டெஃபோர்ட் என்கிற இடத்தில் பிரித்துப் பார்த்தார்கள். நம் மழையில் ஒரு சொட்டு மேலே படாதவை, கரையானைக் கண்ணால் பார்க்காதவை. (கரையான் மேலும் சந்தேகம் இருந்தது. பாவம், அதன் தரப்பில் வாதாட ஆள் இல்லை.) அவற்றிலும் அதே குறைகள். ஒட்டவேண்டிய இடத்தில் ஒட்டாத இடைவெளி. டி ஹாவிலண்டின் தொழிற்சாலைகளிலேயே ஒட்டும் வேலை சரியில்லை என்று எழுதிவைத்தார்கள். கட்டுப்பாடு இழந்து விழுகிற விபத்துகள், மற்ற எந்த ரக விமானத்தையும்விட மாஸ்கிட்டோவில் மூன்று மடங்கு என்று அன்றைய பதிவுகளே சொல்லின.

இதெல்லாம் தெரிந்தபிறகும், விமானத் துறை அமைச்சகம் வெளியே பிடித்துக்கொண்டது தம்பியின் ரிப்போர்ட்டைத்தான். பெரும்பாலும் சீதோஷ்ணம். ஏன்? போர் நடக்கிறது. ஓட்டுகிற பையன்களுக்கு விமானத்தின்மேல் நம்பிக்கை போய்விடக்கூடாது. அவர்கள் பக்கத்து நியாயம் எனக்குப் புரிகிறது. புரிவதுதான் சங்கடமாக இருக்கிறது. எங்கள் மேனேஜரும் அதையேதான் சொன்னார், 'பார்ட்டிக்கு நம்ம மேல நம்பிக்கை போயிடக்கூடாதுப்பா.'

1945-ல் மாஸ்கிட்டோக்கள் திரும்பப் பறந்தன. 47-ம் ஸ்குவாட்ரனும் மறுபடி மாஸ்கிட்டோவுக்கு மாறி, பர்மா சண்டைக்குப் போனது. நல்ல விமானம் என்ற பெயரும் அதற்கு நிலைத்தது. அந்தப் பெயரில் தப்பே இல்லை.

*

போன வருஷம் மவுண்ட் - பூந்தமல்லி ரோட்டில் ஒரு வேலையாகப் போனபோது, நந்தம்பாக்கத்தில் இருக்கிற மதராஸ் போர் கல்லறைத் தோட்டத்துக்குள் நுழைந்தேன். வெளியே லாரி, பஸ், ஹார்ன். உள்ளே கத்திரித்த புல், வரிசை பிசகாத வெள்ளைக் கற்கள். 1952-ல் அமைத்த இடம். தென்னிந்தியாவிலும் கிழக்கிலும் சின்னச் சின்ன கண்டோன்மென்ட் ஊர்களில், பார்த்துக்கொள்ள ஆளில்லாமல் கிடந்த இரண்டாம் உலகப் போர்க் கல்லறைகளை எடுத்துவந்து இங்கே சேர்த்திருக்கிறார்கள். 856 பேர்.

கல்லில் நம்பர் இருக்கும், பதவி இருக்கும், பெயர், படைப்பிரிவுச் சின்னம், தேதி, பெரும்பாலும் வயது. சிலவற்றில் அம்மா அப்பா எழுதச் சொன்ன ஒரு வரி. எப்படிச் செத்தான் என்பது மட்டும் இருக்காது. விமானப் படைச் சின்னம் போட்ட கற்களைத் தேடித் தேடி நடந்தேன். வயதைப் பார்த்தால் நம் ஆபீசில் புதிதாக ட்ரெய்னியாகச் சேர்கிற பையன்களின் வயது. ஒரே தேதி போட்ட கற்கள் அடுத்தடுத்து இருந்தால், ஒரே விமானமாக இருக்கலாம் என்று ஊகிக்கலாம். ஊகிக்க மட்டும்தான் முடியும். தோட்டக்காரர் ரொம்ப நேரமாக என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார். "சொந்தக்காரங்களா சார்?" என்றார். இல்லை என்றேன்.

அங்கிருந்து ஊருக்கு வந்ததும் பாயைப் போய்ப் பார்த்தேன். ரிட்டயர் ஆகி வீட்டில் இருக்கிறார். முட்டி வலி. பழைய பசை வாசனை இன்னும் விரலில் இருக்கிறது என்று அவர் மனைவி சொன்னார். கொசு விமானத்தின் கதையை முழுக்கச் சொன்னேன். தம்பி ரிப்போர்ட் எழுதிய இடத்தில் சிரித்தார். இறக்கை முறிந்த இடத்தில் சிரிப்பு போய்விட்டது.

"ஒட்டினவங்க யாரு தம்பி?"

"சண்டைக் காலம் பாய். ஆம்பளைங்க பாதிப்பேர் பட்டாளத்துக்குப் போயாச்சு. தொழிற்சாலையில நிறைய பொம்பளைங்கதான் வேலை பார்த்தாங்க."

கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு எங்கள் ஷூ லாட்டைப் பற்றி, இத்தனை வருஷம் என்னிடம் சொல்லாத ஒன்றைச் சொன்னார். அந்த நவம்பரில் ஷிப்மெண்டுக்கு ஒருநாள் பாக்கி. முதல் கோட் காய விடவேண்டிய நேரத்தைப் பாதியாகக் குறைக்கச் சொல்லி ஆபீஸிலிருந்து ஆர்டர். அந்த ஒரு லாட்டுக்கு மட்டும். இவர் முடியாது என்றார். 'முடியாதுன்னா வேற மேஸ்திரி இருக்கான்' என்றார்கள். ஜெர்மன் பார்ட்டிக்கு மழை என்று லெட்டர் போனது. உள்ளே, பிரஷ் பிடித்த இரண்டு பெண்களை நிறுத்திவிட்டார்கள். அந்த மாதச் சம்பளத்தில் பிடித்தம் போட்ட வவுச்சர்...

வவுச்சர் எழுதியவன் நான்தான். காரணம் என்கிற கட்டத்தில் 'ஒர்க்மேன்ஷிப்' என்று எழுதச் சொன்னார்கள். எழுதினேன்.

"அந்த விமானக் கம்பெனில," என்று பாய் கேட்டார், "பசை காயறதுக்கு எவ்வளவு நேரம் விட்டாங்களாம்?"